ஏறாத செருகுநிரல்: கலைச்சொற் பணியில் ஒரு மென்பொருள் வழுவை ஆராயும் முறை

1. முன்னுரை

கணினித்துறையினர் ‘பக்’ என வழங்குவதைத் தமிழில் வழு என்கிறோம். இச்சொல் கணினிக்காகப் புதிதாக ஆக்கப்பட்டதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழு வகையாகப் பகுத்தது நம் இலக்கண மரபு. ஒரு தொடரில் பிழை உள்ளது என்று கூறிய அளவில் இலக்கணிகள் அமைதியுறவில்லை. அது பால்வழுவா, காலவழுவா, மரபுவழுவா என்று வகை கண்ட பின்னரே திருத்தம் கூறினர். வகை அறியாமல் திருத்தப் புகுவோர் நன்றாக இருக்கும் பகுதியையும் கெடுத்துவிடுவர் என்பது அவர்கள் அறிந்த உண்மை.

மென்பொருள் வழுக்களை ஆராய்வதற்கும் இம்முறை பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட சிக்கல் இது: கலைச்சொற் குழு ஒன்று தன் பணிக்கெனத் தனியே எழுதுவித்த செருகுநிரல், அது இயங்க வேண்டிய மென்பொருளில் ஏறவில்லை. இது நிரலர்க்கு மட்டுமே உரிய சிக்கல் போலத் தோன்றலாம். ஆயினும், அதன் காரணங்களுள் ஒன்று தமிழ் எழுத்தின் குறியேற்றத்தில் வேர்கொண்டது. அதன் விளைவோ மக்கள் படிக்கும் அறிவிப்பு வரை செல்வது. ஆகவே மொழி பயில்வோரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

2. சீட்டும் சொல்லும்

மென்பொருள் ஆக்குவோர் தாம் காணும் ஒவ்வொரு வழுவையும் ஒரு சீட்டாகப் பதிந்து, யார் பொறுப்பேற்றார், என்ன முடிவாயிற்று என்பதை வரிசையாகக் குறித்து வைப்பர். இதற்கென உள்ளவையே வழுத்தடமறியும் மென்பொருள்கள். பக்சில்லா, மேன்டிஸ், ரெட்மைன், ஜிரா, டிராக் ஆகியவை இவ்வகையின. இவ்வுரையில் டிராக்கை எடுத்துக்கொள்கிறேன். 2004இல் வெளிவந்த இது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, கட்டற்ற மென்பொருள், சீட்டுகளையும் விக்கிப் பக்கங்களையும் ஓரிடத்தில் வைத்துக் காப்பது. சிறு குழுக்கள் தம் சொந்த வழங்கியிலேயே இதனை நிறுவிக்கொள்ள முடியும்.

கலைச்சொற் பணிக்கும் இத்தகைய மென்பொருள் பெரிதும் உதவும். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு என வைத்துக்கொண்டால், அச்சொல்லுக்கு வந்த முன்மொழிவுகள், மறுப்புகள், இறுதி முடிவு, முடிவின் நாள் ஆகிய அனைத்தும் ஒருங்கே கிடைக்கும். பத்தாண்டுகளுக்குப் பின் வருபவரும் ‘இச்சொல்லை ஏன் தெரிந்தெடுத்தனர்?’ என்ற வினாவுக்கு விடை காணலாம். அச்சிட்ட அகராதி முடிவை மட்டுமே தரும். சீட்டு முடிவின் வரலாற்றையும் தரும்.

விளக்கத்திற்காக, மருத்துவமனை அறிவிப்புகளுக்குச் சொற்களை வரையறுக்கும் குழு ஒன்றைக் கருதுவோம். ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவும் நோயைத் ‘தொற்றுநோய்’ என்றும், ஒரு வட்டாரத்தில் திடீரெனப் பலரைத் தாக்குவதைக் ‘கொள்ளைநோய்’ என்றும், உலகளாவிப் பரவுவதைப் ‘பெருந்தொற்று’ என்றும் அக்குழு நீண்ட உரையாடலுக்குப் பின் முடிவு செய்து சீட்டில் பதிகிறது. சில மாதங்கள் கழித்து வரும் புதிய தன்னார்வலர் ஒருவர் ‘தொற்றுநோய்’ என்று தேடுகிறார். ஒன்றும் கிட்டவில்லை. சொல் இன்னும் வரையறுக்கப்படவில்லை என எண்ணிப் புதிய சீட்டைத் திறக்கிறார். இம்முறை உரையாடலில் கலந்துகொண்டோர் வேறு. எனவே ‘தொற்றுநோய்’ என்பது கொள்ளைநோயையே குறிக்கும் என்று முடிவாகிறது. இரு முடிவுகளும் செல்லுபடியாகி, இருவேறு துண்டறிக்கைகளில் ஏறிவிடுகின்றன. அவற்றைப் படிக்கும் முதியவர், வீட்டில் நோயுற்றவரின் அறைக்குள் தாம் செல்லலாமா கூடாதா என்பதை அச்சொல்லைக் கொண்டே முடிவு செய்வார். சொற்குழப்பத்தின் விலை அங்கேதான் செலுத்தப்படுகிறது.

3. ஒரே சொல், நான்கு வடிவம்

சீட்டு இருந்தும் தேடலில் ஏன் கிட்டவில்லை? ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலிருந்தே தமிழ் அதில் இடம்பெற்றுள்ளது. அதன் அமைப்பில் ‘தொ’ என்னும் எழுத்தை இரு வகையாகக் குறியேற்றலாம். தகர மெய்யோடு கூடிய அகரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு முறை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இரு குறிகளாக இடுவது மற்றொரு முறை. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒருங்குறி இலக்கணப்படியும் இவை சமமானவை. ஆயினும், குறிகளைக் குறிகளாகவே ஒப்பிடும் தேடலுக்கு இவை இரு வேறு சொற்கள்.

தமிழ்த் தொகுதியில் இவ்வாறு பிரிந்தும் சேர்ந்தும் வரக்கூடியவை நான்கு: ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகள் மூன்று, ஔ என்னும் தனியுயிர் ஒன்று. ‘தொற்றுநோய்’ என்னும் சொல்லில் ஒகரக்குறி ஒன்றும் ஓகாரக்குறி ஒன்றும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரு வடிவம் எனக் கொண்டால், கண்ணுக்கு ஒன்றேயான இச்சொல் கணினிக்குள் நான்கு வடிவங்களில் இருக்கக்கூடும். நான்கு சீட்டுகளாகவும் பதிவாகக்கூடும்.

இதற்குத் தீர்வு உண்டு. எழுத்துகளை ஒரே சீர்வடிவத்துக்குக் கொணரும் முறையை ஒருங்குறியே வகுத்துள்ளது. அம்முறை பைத்தான் மொழியுடனேயே கிடைக்கிறது. சீட்டு சேமிக்கப்படுமுன் அதன் தலைப்பைச் சீர்வடிவத்துக்கு மாற்றி, அதே சொல்லுக்கு ஏற்கெனவே சீட்டு உள்ளதா எனப் பார்த்து, இருப்பின் எச்சரிக்கும் சிறு நிரல் போதும். அதுவே நம் எடுத்துக்காட்டின் செருகுநிரல். (செருகுநிரல், சொருகுநிரல், நீட்சி எனப் பல பெயர்கள் இதற்கு வழங்குகின்றன, இவ்வுரையில் முதலாவதையே ஆள்கிறேன்.) மென்பொருளின் மூலநிரலைத் தொடாமல், அது திறந்து வைத்துள்ள இணைப்பிடங்களில் பொருந்தி, புதிய செயலைச் சேர்ப்பது செருகுநிரலின் இயல்பு. சீட்டைச் சேமிக்குமுன் சரிபார்ப்பதற்கென ஓர் இணைப்பிடம் டிராக்கில் உண்டு.

எல்லாத் தோற்ற ஒற்றுமையையும் சீர்வடிவம் தீர்த்துவிடாது என்பதையும் இங்கே கூற வேண்டும். ‘கௌ’ என்பதன் ஔகாரக் குறிக்கு மாற்றாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டு ‘கெள’ என எழுதினால், அது ஒருங்குறிப்படி வேறு எழுத்துத்தொடரே. துணைக்காலும் ரகரமும் மயங்குவதும் அவ்வாறே. இவற்றுக்குச் செருகுநிரல் தனியே ஒரு சொற்பட்டியைக் கொண்டிருத்தல் வேண்டும். அச்சொற்பட்டி பின்னர் நம் கதையில் வருகிறது.

4. ‘ஏறவில்லை’ என்பதன் நான்கு பொருள்

செருகுநிரலை நிறுவியாயிற்று, ஆயினும் பயனில்லை. பயனர் ‘ஏறவில்லை’ என்கிறார். இந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு நிலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, செருகுநிரல் இருப்பதே மென்பொருளுக்குத் தெரியாமை. இரண்டாவது, அதனைக் கண்டும் படிக்க முயன்று தோற்றல். மூன்றாவது, படித்தும் அது இயங்க இசைவு தரப்படாமை. நான்காவது, இசைவு இருந்தும் உரிய வேளையில் அழைக்கப்படாமை. இவற்றைக் காணாமை, படியாமை, இசையாமை, அழையாமை எனக் குறிக்கலாம். நான்கிற்கும் மருந்து வேறு வேறு. காணாமைக்குரிய மருந்தை இசையாமைக்குத் தந்தால் ஒரு நாள் முழுதும் வீணாகும்.

நிலைகளைப் பிரித்தறிவது எளிது. டிராக்கின் நிர்வாகப் பகுதியில் செருகுநிரல்களைப் பட்டியலிடும் பக்கம் ஒன்று உள்ளது. அப்பட்டியலில் நம் செருகுநிரலின் பெயர் இல்லையெனில், சிக்கல் முதலிரு நிலைகளுள் ஒன்று. பெயர் இருந்து, அதன் கூறுகளுக்கு எதிரே உள்ள கட்டம் குறியிடப்படாதிருப்பின் மூன்றாவது நிலை. குறியும் இருந்து பயனில்லையெனில் நான்காவது நிலை.

முதலிரு நிலைகளை வேறுபடுத்துவதற்குப் பதிவுக் கோப்பு வேண்டும். மென்பொருள் தன் செயல்களை வரிவரியாக எழுதிவைக்கும் நாட்குறிப்பு போன்றது அது. டிராக்கில் இதற்கு ஐந்து அளவுகள் உண்டு. கடுமையான தவறுகளை மட்டும் எழுதும் அளவு முதல், ஒவ்வோர் அடியையும் எழுதும் அளவு வரை அமைக்கலாம். பல நிறுவல்களில் இப்பதிவு அணைக்கப்பட்டிருக்கும். எனவே, முதற்பணி பதிவை இயக்கி, மிக விரிவான அளவில் வைத்து, வழங்கியை மீண்டும் தொடங்குவதே. பின்னர் அக்கோப்பில் நம் செருகுநிரலின் பெயரைத் தேட வேண்டும். பெயரே இல்லையெனில் காணாமை. பெயரும் அதனருகே பிழைச் செய்தியும் இருப்பின் படியாமை.

இங்கு டிராக்கின் வடிவமைப்பில் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். ஒரு செருகுநிரல் ஏறாவிடினும் அது நின்றுவிடுவதில்லை. பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு, அதனைத் தவிர்த்து, மற்றவற்றோடு தொடர்ந்து இயங்கும். ஒரு துணைக்கருவி பழுதுற்றமையால் முழுப் பணியும் தடைபடலாகாது என்பது இதன் நியாயம். ஆனால் நம் குழுவுக்கு இந்நியாயமே இடராகிறது. சீட்டுகள் வழக்கம்போல் திறக்கின்றன, மூடுகின்றன. காவல் நீங்கியதை எவரும் அறியார். இரட்டைச் சொற்கள் சேர்ந்துகொண்டே போகும்.

5. காணாமை

காணாமைக்குரிய காரணங்கள் பெரும்பாலும் இடவழுக்கள். டிராக்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல் உண்டு. ஒவ்வொரு சூழலுக்குள்ளும் செருகுநிரல்களுக்கான கோப்புறை உண்டு. ஒரே வழங்கியில் மூன்று திட்டங்கள் இருந்து, கோப்பை அடுத்த திட்டத்தின் கோப்புறையில் இட்டிருந்தால், நம் திட்டம் அதனைக் காணாது.

இரண்டாவது, ஒரே வழங்கியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான்கள் இருத்தல். நிர்வாகி தம் கட்டளைச் சாளரத்தில் செருகுநிரலை நிறுவுகிறார். ‘வெற்றி’ என்ற செய்தியும் வருகிறது. ஆனால் டிராக் வேறொரு பைத்தானின் கீழ் இயங்குகிறது. ஒரு நூலகத்தில் நூலைச் சேர்த்துவிட்டு மற்றொரு நூலகத்தின் பட்டியலில் தேடுவதற்கு இஃது ஒப்பாகும். டிராக்கின் ‘பற்றி’ பக்கம், உரிய அனுமதியுடையவர்க்கு, எந்தப் பைத்தான் பதிப்பின் கீழ் அது இயங்குகிறது என்பதைக் காட்டும். அதனை நிறுவிய பைத்தானோடு ஒப்பிடுதல் வேண்டும்.

மூன்றாவது, அறிவிப்பு இன்மை. பொதியாக நிறுவப்படும் செருகுநிரல், ‘நான் டிராக்கின் செருகுநிரல், என் தொகுதி இது’ என்று தன் நிறுவற்கோப்பில் ஒரு நுழைவுக் குறிப்பை எழுதியிருக்க வேண்டும். அவ்வரி விடுபட்டால், பொதி வழங்கியில் இருக்கும். டிராக் அதனை நாடாது. நான்காவது, படிக்கும் அனுமதி. கோப்பை நிர்வாகி தம் கணக்கின் பெயரில் நகலெடுத்து வைத்திருப்பார். வலைவழங்கி இயங்கும் கணக்குக்கோ அதனைப் படிக்கும் உரிமை இராது. இது சில வேளை பிழைச் செய்தியாகவும், சில வேளை வெறும் மௌனமாகவும் வெளிப்படும்.

6. படியாமை

படியாமையின் முதற்காரணம் காலவழு. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிவுற்றது. 2019இல் வெளியான டிராக் 1.4 பைத்தான் 2இல் இயங்கியது. 2023இல் வந்த 1.6 பைத்தான் 3இல் இயங்குவது. இவ்விரண்டுக்கும் இடையே பக்க வார்ப்புருக்களை ஆக்கும் கருவியும் மாறிற்று. ஜென்ஷி நீங்கி ஜின்ஜா2 நிலைபெற்றது. எனவே, வழங்கியை மேம்படுத்திய மறுநாளே பழைய செருகுநிரல்கள் ஏறாமற்போவது இயல்பு. பழைய முறையில் எழுதிய அச்சிடும் கட்டளை ஒன்று இருந்தாலும் பைத்தான் 3 அதனைத் தொடரியற் பிழை எனக் கூறி, கோப்பு முழுவதையும் மறுத்துவிடும்.

இரண்டாவது, குறியேற்ற வழு. பைத்தான் 2இல், நிரற்கோப்பில் தமிழ் எழுத்து ஒன்று இருப்பினும், அது குறிப்புரையில் இருப்பினும், கோப்பின் முதலிரு வரிகளுள் ஒன்றில் குறியேற்றத்தை அறிவித்தல் கட்டாயம். பைத்தான் 3 அறிவிப்பில்லாத கோப்பை யுடிஎஃப்-8 எனக் கொள்ளும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒருங்குறி பரவுமுன் திஸ்கி முதலிய குறியேற்றங்களில் சேர்த்துவைத்த சொற்பட்டிகள் பலரிடம் உள்ளன. அப்பட்டியை அப்படியே நிரற்கோப்பில் ஒட்டினால், அதன் குறிகள் யுடிஎஃப்-8 விதிக்கு உட்படா, கோப்பு படிக்கப்படாது. முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள். நிரலைச் சொற்செயலி ஒன்றில் ஒட்டி நகலெடுத்தால், நேர்நின்ற மேற்கோட்குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடும். எழுத்துகளுக்கிடையே அகலமற்ற இடைவெளிக் குறிகள் புகுந்துவிடும். வரித்தொடக்கத்தில் சில இடங்களில் தத்தல் விசையும் சில இடங்களில் இடைவெளி விசையும் கலந்துவிடும். இவை யாவும் பைத்தானுக்குப் பிழைகளே. பதிவுக் கோப்பு வரியெண்ணைக் காட்டும்; காட்டிய வரியையும் அதற்கு முந்திய வரியையும் பார்க்க வேண்டும்.

7. பெயர் பிரிந்த கோப்பு

இனி, இவ்வுரையின் மையமான வழுவுக்கு வருவோம். நம் செருகுநிரல் இரு கோப்புகளைக் கொண்டது. முதன்மைக் கோப்பு ஒன்று. அது துணையாக அழைக்கும் சொற்பட்டி மற்றொன்று. பைத்தான் 3 தமிழிலேயே பெயரிட இடந்தருகிறது. ஆர்வமிக்க நிரலர் துணைக்கோப்புக்குச் ‘சொற்பட்டி’ என்றே தமிழ் எழுத்தில் பெயரிட்டார் எனக் கொள்வோம். அவர் கணினியில் செருகுநிரல் நன்றாக ஏறுகிறது. வழங்கியிலோ, ‘சொற்பட்டி என்ற பெயருடைய தொகுதி இல்லை’ என்னும் செய்தி பதிவாகிறது. கோப்புறையைத் திறந்து பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது. எழுத்துப்பிழையும் இல்லை.

நிகழ்ந்தது இதுதான். நிரலுக்குள் வரும் பெயர்கள் அனைத்தையும் பைத்தான் படிக்கும்போதே ஒருங்குறிச் சீர்வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆகவே ‘சொ’ என்பதை நிரலர் எவ்வாறு தட்டச்சிட்டிருப்பினும், ஒகரம் ஒரே குறியாகச் சேர்ந்த வடிவத்தையே பைத்தான் கொள்ளும். கோப்பின் பெயரோ பைத்தானின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. அதனைக் காப்பது இயங்குதளத்தின் கோப்புமுறை. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்புமுறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. செருகுநிரல் இடையில் அத்தகைய கணினி ஒன்றில் பொதியப்பட்டு அனுப்பப்பட்டதால், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் பிரிந்த பெயரோடு லினக்ஸ் வழங்கியை அடைந்தது. லினக்ஸ் கோப்புமுறைகள் பொதுவாகப் பெயரைத் தந்தவாறே வைத்துக்கொள்ளும். குறி குறியாகவே ஒப்பிடும். பைத்தான் சேர்ந்த வடிவைக் கேட்கிறது. கோப்புறையில் பிரிந்த வடிவே உள்ளது. எனவே ‘இல்லை’ என்ற விடை வருகிறது.

தொற்றுநோய் என்னும் சொல்லை நான்காகப் பிரிய விடாமற் காப்பதற்கு எழுந்த செருகுநிரல், அதே பிரிவினால் தன் துணைக்கோப்பை இழந்து நிற்கிறது. இவ்வழுவைக் கண்ணால் காண இயலாது. கோப்பின் பெயரில் எத்தனைக் குறிகள் உள்ளன என்று எண்ணினால் மட்டுமே வெளிப்படும். கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டை நீக்கி எண்ணினால், ‘சொற்பட்டி’ சேர்ந்த வடிவில் ஒன்பது குறிகள் கொண்டது. பிரிந்த வடிவில் பத்து. பைத்தானிடமே அப்பெயரைத் தந்து எண்ணச் சொல்லலாம்.

உடனடித் திருத்தம், அக்கோப்புக்கு மறுபெயரிடுவது. நிலையான திருத்தம், நிரற்கோப்புகளின் பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்து, தமிழை உள்ளடக்கத்தில் வைப்பது. தமிழ்ப்பற்றுக்கு இது முரண் என்று கருத வேண்டியதில்லை. கோப்புப் பெயர் பல இயங்குதளங்களின் வழியே பயணம் செய்யும் முகவரி. ஒவ்வோர் இயங்குதளமும் அதனைத் தன் வழக்கப்படி மாற்றக்கூடும். உள்ளடக்கமோ பைட்டும் மாறாமல் செல்லும். தமிழ்ப் பெயரே வேண்டும் என்போர், கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளைப் பெயரில் தவிர்த்தால் இவ்வழு நேராது. ‘பட்டியல்’ என்று பெயரிட்டிருந்தால் பிரிவதற்கு அங்கே இடமே இல்லை.

8. இசையாமையும் அழையாமையும்

சூழலின் கோப்புறையில் இட்ட செருகுநிரல் தானாகவே இயக்கப்படும். வழங்கி முழுமைக்கும் பொதுவாக நிறுவியதை அமைப்புக் கோப்பில் பெயர் சொல்லி இயக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமையே இசையாமைக்குப் பெருங்காரணம். அமைப்புக் கோப்பின் விதிகள் செயற்படும் முறை இலக்கணம் பயின்றோர்க்கு விளங்கக்கூடியது. ஒரு பொதி முழுவதையும் இயக்குக என்பது பொதுவிதி. அதனுள் ஒரு கூறினை மட்டும் நிறுத்துக என்பது சிறப்புவிதி. இரண்டும் முரண்பட்டால் சிறப்புவிதியே வெல்லும். எப்போதோ ஒருவர் எழுதி மறந்த ‘நிறுத்துக’ என்னும் வரி, இன்று எழுதும் ‘யாவும் இயங்குக’ என்னும் வரியை மீறி நிற்பது இதனால்தான்.

அழையாமை இன்னும் நுட்பமானது. சீட்டைச் சரிபார்க்கும் இணைப்பிடம், உலாவியின் படிவம் வழியாக ஒருவர் சீட்டை அளிக்கும்போது அழைக்கப்படுகிறது. பழைய அகராதி ஒன்றிலிருந்து ஆயிரம் சொற்களை ஒரு நிரல் கொண்டு நேரே தரவுத்தளத்தில் சேர்த்தால், அவை இவ்வழியே வருவதில்லை. செருகுநிரல் அவற்றைக் காண்பதில்லை. அதுபோலவே, செருகுநிரல் நிறுவப்படுமுன் பதிந்த சீட்டுகளும் பழைய வடிவிலேயே இருக்கும். ஆகவே, ஏற்கெனவே உள்ளவற்றையும் மொத்தமாகச் சேர்ப்பவற்றையும் ஒருமுறை தனியே சீர்வடிவத்துக்கு மாற்றிய பின்னரே செருகுநிரலின் காவலை நம்பலாம்.

9. ஆய்வு ஒழுங்கு

கல், பல் என ஓர் ஒலி மட்டும் வேறுபடும் சொல்லிணையைக் கொண்டு ஒலியன்களைப் பிரித்தறிவது மொழியியலின் பழகிய முறை. மற்றவை யாவும் ஒத்திருக்க ஒன்று மட்டும் வேறுபட்டால், விளைவின் வேறுபாட்டுக்கு அவ்வொன்றே காரணம் என்று துணியலாம். இங்கும் அதுவே செய்யத்தக்கது. எச்செயலும் இல்லாமல், ‘ஏறினேன்’ என்று பதிவில் ஒரு வரி மட்டும் எழுதும் மிகச் சிறிய செருகுநிரலை அதே கோப்புறையில் இட்டு வழங்கியை மீண்டும் தொடங்குக. அது ஏறினால் இடமும் அனுமதியும் பைத்தானும் சரியானவை. வழு நம் நிரலுக்குள் உள்ளது. அது ஏறாவிடின் நிரலைத் தொட வேண்டா, சூழலைப் பார்க்க. நிரல் ஏறும் வகையில், நம் செருகுநிரலின் பகுதிகளை ஒவ்வொன்றாக அச்சிறு செருகுநிரலோடு சேர்த்து வருக. எப்பகுதியைச் சேர்த்தவுடன் ஏறாமற்போகிறதோ, அப்பகுதியில் வழு உள்ளது.

ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். நிரலை மாற்றிய ஒவ்வொரு முறையும் வழங்கியை மீண்டும் தொடங்குதல் வேண்டும். இல்லையேல் பழைய நிரலே நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். சரியான திருத்தமும் பயனற்றதெனக் கைவிடப்படும்.

நிரலரிடம் உதவி கேட்பவர் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். டிராக், பைத்தான், செருகுநிரல் ஆகிய மூன்றின் பதிப்பெண், இயங்குதளம், எங்கே, எவ்வாறு நிறுவப்பட்டது, பட்டியலில் பெயர் உள்ளதா, பதிவில் வந்த பிழைச் செய்தி, ஓர் எழுத்தும் மாறாமல், கடைசியாக எப்போது இயங்கியது, அதன்பின் என்ன மாற்றப்பட்டது என்னும் ஏழினையும் எழுதினால், விடை விரைவில் கிட்டும். ஏழாவது வினாவுக்கான விடையிலேயே பெரும்பாலும் காரணமும் மறைந்திருக்கும்.

10. நிறைவுரை

செருகுநிரல் ஏறியதும் பணி முடிந்துவிடாது. டிராக் மௌனமாகத் தவிர்க்கும் இயல்புடையது என்று மேலே கண்டோம். ஆகவே, அதன் காவல் நிலைத்துள்ளதா என்பதைக் குழுவே அவ்வப்போது சோதித்தல் வேண்டும். அதற்கு நிரல் அறிவு தேவையில்லை. ‘தொற்றுநோய்’ என்னும் சொல்லின் நான்கு வடிவங்களையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்க. மாதம் ஒருமுறையும், வழங்கியை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும், அவற்றை நான்கு புதிய சீட்டுகளாக அளித்துப் பார்க்க. நான்கிற்கும் ‘இச்சொல் ஏற்கெனவே உள்ளது’ என்ற எச்சரிக்கை வருமாயின் காவல் உண்டு. ஒன்றேனும் தடையின்றிப் பதிவாகுமாயின், அன்றே பதிவுக் கோப்பைத் திறக்க வேண்டும்.

நம் நாடுகளில் தமிழ்க் கலைச்சொற் பணி பெரும்பாலும் சிறு குழுக்களின் தோளில் உள்ளது. செருகுநிரலை எழுதிய மாணவர் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றுவிடுவார். வழங்கியைக் கவனித்தவர் வேறு ஊருக்குப் பெயர்ந்துவிடுவார். எனவே, நிறுவிய இடம், பதிப்பெண்கள், சோதனை முறை, இதுவரை கண்ட வழுக்கள், அவற்றின் திருத்தம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு விக்கிப் பக்கமாக எழுதி, அதே டிராக்கில் வைப்பது குழுவின் கடமை. அப்பக்கத்தின் ஓர் அச்சுப்படியும் செயலாளரிடம் இருக்கட்டும். வழங்கியே நின்றுபோகும் நாளில் விக்கிப் பக்கத்தைத் திறக்க இயலாது.